கை அறிந்த வண்டி

அன்று மழை நாலரை மணிக்கே பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை… திருச்சுழி ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசல் காடு கறுத்து, வானமும் கறுத்து, நடுவில் ரோடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

அமுதவள்ளி தன் லோடு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, காற்றில் அடித்துக்கொண்டிருந்த தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நனைந்த முடி கண்ணில் விழுந்தது. அதை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் எதிரே இரண்டு மங்கலான மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. வந்துகொண்டிருந்தன… அவளை நோக்கி, நேராக.

விலகிப் போய்விடும் என்று நினைத்தாள். விலகவில்லை. பத்தடி தூரத்தில் வந்தபோது அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அந்தக் குரலுக்குத்தான் வண்டி சட்டென்று ஒடித்துத் திரும்பியது. ரோட்டோரப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி, சீமைக்கருவேல முள்ளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது.

 அவளுக்குப் பயம் கோபமாக மாற ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? இம்புட்டுப் பெரிய வண்டி நிக்கிது, பக்கத்துல ஒரு மனுசி நிக்கிறேன்…"

இறங்கியவனுக்கு முப்பத்துமூன்று, முப்பத்துநாலு வயது இருக்கும். நல்ல உயரம். கதவைப் பிடித்தபடியே நின்றான். பெரிய கண்கள்… இமையில் மழைத்துளி தொங்கியும் சிமிட்டாத கண்கள். அவை அவளைப் பார்க்கவில்லை. அவள் காதுக்குப் பக்கத்தில் வேறு யாரோ நிற்பதாக நினைத்து அந்த ஆளைப் பார்த்தன.

"மன்னிச்சிருங்க. தப்பு என் மேலதான்" என்றான்.

மன்னிப்புக் கேட்கிறவன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டாமா… பெரிய வீட்டுத் திமிர் என்று அவள் மனம் முணுமுணுத்தது. அப்புறம்தான் அந்த வண்டியைச் சரியாகப் பார்த்தாள். கோபம் பாதியில் நின்றுபோனது.

இரண்டே பேர் உட்காரும் கூரையில்லாத கார். அடர்பச்சை. நீண்ட மூக்கு, இரண்டு பக்கமும் அலையாக இறங்கும் மட்கார்டு, முதுகில் ஸ்டெப்னி. எழுபது வருஷத்துக்கு முந்திய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். சென்னையில் ஆறு வருஷம் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தபோதுகூடப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். இந்தக் கருவேலங்காட்டுக்குள் அது நனைந்துகொண்டு நிற்கிறது.

பக்கத்தில் எங்காவது மெக்கானிக் இருக்கிறாரா என்று அவன் கேட்டான்.

"மெக்கானிக்க இடிக்க வந்துட்டு மெக்கானிக்க எங்கன்னு கேக்குறீக…" என்றாள் அவள்.

ஒரு நொடி அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தான். வாய்விட்டு அல்ல… உதட்டோரத்தில், சிரித்து வெகுநாளானவனைப் போல. அந்தச் சிரிப்பை அவள் பார்த்திருக்கக் கூடாது.

முன்சக்கரங்களைத் தூக்கி லோடு வண்டியில் கட்டி, அந்தக் காரை அருப்புக்கோட்டை பைபாஸில் இருந்த தன் ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் பெயர் சௌந்தரபாண்டியன், திருச்சுழிப் பக்கம் சொந்த ஊர், ஓசூரில் கார் கம்பெனியில் டிசைன் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறான் என்பதெல்லாம் வழியில் தெரிந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னதுமே அவளுக்கு அவன் குடும்பம் எதுவென்றும் தெரிந்துவிட்டது. பரளச்சியில் இருக்கும் அவளுடைய அம்மா அழகுத்தாய், கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அந்த வீட்டு மிளகாய்க் காட்டில்தான் பழம் எடுத்தாள். அதை அவள் சொல்லவில்லை.

இறங்கும்போது அவன் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டான். வளைந்ததை நிமிர்த்தலாம், உடைந்ததைச் செய்யலாம். ஆனால் எதையும் மாற்றக் கூடாது. ஒரு நட்டைக்கூட.

*

மறுநாள் முதல் பத்து மணி பஸ்ஸில் வந்துவிடுவான். நாலு மணி ஆனால் போய்விடுவான். ஒரு நிமிஷம் கூடுதலாக இருக்க மாட்டான்.

வண்டியின் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். பரம்பரைச் சொத்து ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு பஞ்சாலைக் குடோனில் குப்பைக்கு நடுவே இதைக் கண்டான். பாதி வண்டிதான் இருந்தது. மீதியைத் தேடித் தேடிச் சேர்க்கப் பதினோரு வருஷம் ஆனது. கதவுக்குள் இருக்கும் மரச்சட்டம் வரைக்கும் அவன் கையால் செதுக்கியது.

அமுதவள்ளிக்கு அது பிடித்திருந்தது. இன்ஜினில் ஸ்பானரை வைத்த முதல் நாளே அவள் திணறிப்போனாள். நட்டின் தலை இங்கிலீஷ்காரன் அளவு, உள்ளே மரை வேறொரு நாட்டு அளவு. கடைத்தெருவில் வாங்கிய எந்த போல்ட்டும் ஏறவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் கிடந்த போல்ட்டுகளை விரலால் தடவி, பார்க்காமலே எடுத்துக் கொடுத்தான். அவனுடைய விரல்கள் அழகாக இருந்தன… வேலை தெரிந்த விரல்கள். அவள் வேலையை விட்டுவிட்டு விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்ததை அவன் கவனிக்கவில்லை என்று கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் ஏமாற்றம்.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? அவளுக்குத் தொழிலே மாற்றுவதுதான். பழைய வேனில் புது இன்ஜின் ஏற்றுவாள், ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம் வைப்பாள். இந்த விளக்கை வைத்துக்கொண்டு மழையில் போனால் ஆள் சாகத்தான் செய்யும் என்றாள். புது விளக்கு, முன்னால் டிஸ்க் பிரேக், பட்டன் ஸ்டார்ட்… ஒரே வாரத்தில் வண்டி குதிரையாகப் பறக்கும் என்றாள்.

"குதிரை வேணும்னா நான் குதிரையே வாங்கியிருப்பேனே" என்றான் அவன்.

"வாங்கினாலும் அதுக்கு லாடங்கூட மாத்த விட மாட்டீக."

இப்படித்தான் விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள், எது எப்படி இருந்ததோ அது அப்படியே இருக்க வேண்டும், அதுதான் அதற்கு மரியாதை என்று அவன் ஏதோ நினைவில் சொல்லிவிட்டான். அவளுக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"எல்லாம் அப்படியே இருக்கணும்னு உங்க வீட்டு ஆளுகளுக்குச் சொல்ல நல்லாருக்கும். அப்படியே இருந்திருந்தா நான் இன்னிக்கி உங்க காட்டுல மிளகாப்பழம் எடுத்துக்கிட்டு இருப்பேன். எங்கம்மா எடுத்துச்சு. மாத்துனதாலதான் என் கையில ஸ்பானர் இருக்கு."

அவன் கையிலிருந்த போல்ட்டைத் தட்டில் வைத்தான். நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று மட்டும் மெதுவாகச் சொன்னான். நாலு மணிக்குப் பஸ்ஸுக்கு நடந்தான்.

ராத்திரி முழுக்க அவளுக்கு உறுத்தியது. அவன் முகத்தில் விழுந்த அந்த நிழல்… தன்னால்தானே என்று. மறுநாள் தானே டீ போட்டாள். ஏலக்காய் தட்டிப் போட்டு, நல்ல கிளாஸாகத் தேடிக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். கம்ப்ரெசர் ஓடிக்கொண்டிருந்ததால் கூப்பிட்டால் கேட்காது. அவன் வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். வலப்பக்கமாக நின்று, குனிந்து, கிளாஸை நீட்டினாள். சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

அவன் திரும்பவில்லை.

அவள் இன்னும் கொஞ்சம் நீட்டினாள். அவன் கை கிளாஸுக்கு ஒரு சாண் தள்ளிக் கடந்துபோய், தரையிலிருந்த ஸ்பானரை எடுத்தது. கண் அசையவில்லை, தலை அசையவில்லை. கிளாஸ் சூட்டில் அவளுடைய விரல் பொறுக்கவில்லை. அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வீட்டில் கூலிக்காரிகள் கையைக் குவித்து நிற்க, மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அம்மா சிரிப்பாள். அமுதவள்ளிக்குச் சின்ன வயதில் ஏன் என்று புரிந்ததில்லை. இப்போது பெஞ்சில் ஆடை கட்டி ஆறிக்கொண்டிருந்த டீயைப் பார்த்தபோது புரிந்தது. படித்திருக்கலாம், 'நீங்க' போட்டுப் பேசலாம்… என் கையால் வாங்கிக் குடிக்க மட்டும் முடியாது.

*

அப்புறம் நாலு நாள் அவன் வரவில்லை. மதுரையில் வேலை இருக்கிறது என்று போனில் சொன்னான். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை.

அந்த நாலு நாளில் அவள் டேஷ்போர்டைக் கழற்றினாள். ரெக்சின் போர்த்திய பழைய மரப்பலகை. அதைத் தகட்டுக்கு அளவாக வைத்து அறுத்ததில் அது இரண்டாகப் பிளந்தது. பிளந்தால் பிளக்கட்டும் என்றிருந்தது. அலுமினியத்தில் புதுத் தகடு வெட்டினாள். சுவிட்சுகளை ஒரே வரிசையில் கொண்டுவந்தாள். இழுத்து ஸ்டார்ட் செய்யும் குமிழைப் பிடுங்கிவிட்டு பட்டன் வைத்தாள். விளக்கை மாற்றினாள். வேலை சுத்தமாக, பார்க்க அழகாக இருந்தது. இது அவன் உயிருக்குப் பாதுகாப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டிரில்லைப் பிடித்திருந்தது கை அல்ல, கோபம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை.

ஐந்தாம் நாள் வந்தான். முகம் வற்றியிருந்தது. வண்டியை ஒரு தடவை ஓட விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். அவள் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கத்தட்டும்… கத்தினால் பதிலுக்குக் கேட்க நிறைய வைத்திருந்தாள்.

அவன் ஏறி உட்கார்ந்தான். வலதுகை தானாக நீண்டது. நீண்ட இடத்தில் ஒன்றுமில்லை. கை நின்றது. ஒரு அங்குலம் இடப்பக்கம் நகர்ந்தது. தகட்டின் குளிர்ச்சி பட்டதும் விரல்கள் பின்வாங்கின. மறுபடி நீண்டன. மேலே, கீழே, ஓரத்தில்… பழக்கப்பட்ட வீட்டில் கதவைக் காணாமல் சுவரைத் தடவும் விரல்கள். அவன் தலை குனிந்து, அத்தனை பெரிய கண்களால் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். பட்டன் அவன் முழங்கைக்குப் பக்கத்தில் சிவப்பாக இருந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

அமுதவள்ளி கட்டியிருந்த கையை எடுத்தாள். மெதுவாக நடந்து அவன் பக்கவாட்டில் வந்தாள். கையைத் தூக்கி அவன் காதோரம் அசைத்தாள். கண் சிமிட்டவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தாள். இல்லை. நேர் முன்னால் வந்தபோதுதான் இமை படபடத்தது.

"ஒங்களுக்கு… கண்ணு…"

"நடுவுல மட்டும் இருக்கு" என்றான் அவன். "குழாய் வழியாப் பாக்குற மாதிரி. வெயில் இறங்கிட்டா அதுவும் இல்ல."

பிறகு சொன்னான். இருபத்தைந்து வயதில் இருட்டில் தடுமாற ஆரம்பித்தது. விழித்திரையில் வருகிற வியாதி, ஓரத்திலிருந்து உள்ளே நெருக்கிக்கொண்டே வரும், மருந்து கிடையாது. கம்ப்யூட்டரில் கோடு தெரியாமல் போனதும் வேலையை விட்டான். இந்த வாரம் மதுரையில் மறுபடி பார்த்திருக்கிறார்கள். இன்னும் ஒன்றரை வருஷம், மிஞ்சினால் இரண்டு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. உலகத்தில் எல்லாம் அவனுக்குக் குறைந்துகொண்டே வருகிறது. இந்த வண்டியை மட்டும் கண் இல்லாமலும் தெரியும். எந்தக் குமிழ் எங்கே, எந்தக் கதவு எவ்வளவு கனம்… கைக்குத் தெரியும். ஓட்டப்போவதில்லை. கொட்டகைக்குள் நிறுத்திவைத்து ஏறி உட்கார்ந்தால் போதும். தெரிந்த இடம் ஒன்றாவது இருக்கும்.

"அதான் மாத்த வேணாம்னு சொன்னேன்" என்றான். குரலில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் அவளால் நின்றிருக்க முடியும்.

"அன்னிக்கி மழையில… கண்ணு தெரியாமயா அந்த நேரத்துல வண்டிய எடுத்தீக?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். "வீடு திரும்பறதுக்குன்னு எடுக்கல."

அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நடுவுல நான் நின்னேன்ல…"

"கத்துனீங்கள்ல. அதான் திருப்புனேன்."

கம்ப்ரெசர் ஓடவில்லை. பைபாஸில் ஒரு பஸ் போனது. அவள் கேட்கக்கூடாது என்று நினைத்து, கேட்காமலும் இருக்க முடியாமல் கேட்டாள்.

"அன்னிக்கி டீ குடுத்தேன். ஏன் வாங்கல?"

"எந்த டீ?" என்றான்.

அமுதவள்ளி ஒர்க்ஷாப்புக்குப் பின்பக்கம் போய், டயர் அடுக்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

*

பிளந்த பலகை இனி ஒட்டாது. தேக்கில் புதுப் பலகை அறுத்தாள். அவள் மாற்றியதை எல்லாம் பழையபடி ஆக்கிவிட முடியாது என்று அவளுக்குத் தெரியும். பழைய பலகையில் அவனுடைய பதினோரு வருஷம் இருந்தது. இதில் இருக்காது. ஆனாலும் இடம் இடமாகவே இருக்கட்டும்.

உடைந்ததை வைத்து அளக்க வேண்டாம், நானே காட்டுகிறேன் என்றான் அவன். சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். வெறும் பலகை மேல் அவன் விரல் போய் நிற்கும். "இங்க" என்பான். அவள் குனிந்து விரல்நுனியைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுவாள். அடுத்தது. "இங்க." அவனுடைய மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. அவளுடைய கூந்தல் அவன் மணிக்கட்டில் விழுந்தது. இருவருமே நகரவில்லை. முடிந்த பிறகு உடைந்த துண்டுகளை மேலே வைத்துப் பார்த்தாள். ஒன்றைத் தவிர எல்லாம் அச்சு அசலாக நின்றன. ஹாரன் குமிழின் இடம் மட்டும் ஒரு நூல் தள்ளி. அது முதலிலேயே கோணலாகத்தான் இருந்தது, நான்தான் தப்பாகத் துளைத்தேன், அதைச் சரியான இடத்தில் காட்டியது விரலின் ஆசை என்று சொல்லிச் சிரித்தான். கோணலாகவே போடச் சொன்னான்.

அன்று மத்தியானம், நல்ல வெயிலில், ஷெட் வாசலில் போய் நிற்க முடியுமா என்று கேட்டான். எதற்கு என்று அவளுக்குத் தெரிந்தது. போய் நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கிரீஸ் பட்ட துப்பட்டாவைச் சரிசெய்தாள்.

அவன் கிட்டே வந்து பார்த்தான். முதலில் இடக்கண்… அப்புறம் வலக்கண். மூக்குத்தி. மேலுதட்டு மச்சம். ஒவ்வொன்றாக, ஒவ்வொரு இடத்திலும் நின்று. யாரும் அவளை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஒரு முகத்தைப் பார்த்து முடிக்க இவ்வளவு நேரமாகும் ஒருவன், இன்னும் எத்தனை தடவை பார்க்க முடியும் என்று மனம் கணக்குப் போட்டது. போடாதே, போடாதே என்று தன்னையே அடக்கிக்கொண்டு, கண்ணீர் வந்தால் அவனுக்கு மறைக்கும் என்று வராமல் பார்த்துக்கொண்டாள்.

பார்த்து முடித்தான். நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

*

மறுநாள் காலையில் அவன் வரவில்லை. அவனுடைய அண்ணன் உக்கிரபாண்டி வந்தார். வெள்ளை வேட்டி, சத்தம் போடாத குரல். வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். நல்லா வேலை பார்த்திருக்கே தாயி என்றார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு வண்டியைக் கொடுத்தாயிற்று, வெள்ளிக்கிழமை லாரி வரும் என்றார். அந்த ஆள் உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு பேட்டரி மோட்டார் வைக்கப்போகிறாராம்.

இது அவருக்கு உயிர் என்று அமுதவள்ளி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"உசுருன்னுதான் விக்கிறேன்" என்றார் அவர். "அந்த மழையில அவன் எதுக்குப் போனான்னு எனக்குத் தெரியாதா? இது கொட்டகையில நின்னா ஒருநாள் மறுபடி ஏறிப் போயிருவான். அவனையும் சம்மதிக்க வச்சிட்டேன். எனக்கு ஒரே தம்பி."

அவர் கண் கலங்கியிருந்தது, அதுவும் பொய்யில்லை. ஆனால் கிளம்பும்போது திரும்பி நின்று மீதியையும் சொன்னார். சொந்தத்திலேயே ஒரு பெண் பேசியிருக்கிறது, கண் விஷயம் தெரிந்தே சம்மதித்திருக்கிறார்கள். தம்பி பேச்சில் கொஞ்ச நாளாக உன் பேர் வருகிறது. வேலை முடிந்ததல்லவா, அதோடு நிறுத்திக்கொள். பிறகு, ஏதோ நலம் விசாரிக்கிற மாதிரி, "பரளச்சியில அழகுத்தாயி தனியாத்தான இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவள் அன்றே அம்மாவைக் கூட்டிவந்து ஒர்க்ஷாப்புக்குப் பின்னாலிருந்த அறையில் தங்கவைத்தாள். ஏன் என்று அம்மா கேட்டாள். சொல்லாமலே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் புள்ளக்கித்தானே கண்ணு தெரியாது, உனக்குமா என்று மட்டும் கேட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வரை அமுதவள்ளி யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அவன் இரண்டு தடவை போன் செய்தான். எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது… விட்டுக்கொடுப்பதைத் தவிர வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. டேஷ்போர்டில் ரெக்சினை ஒட்டினாள். குமிழ்களை மாட்டினாள். பிடுங்கி எறியப்போகிற இன்ஜினுக்கு வால்வு இடைவெளி பார்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்து நின்றது. உக்கிரபாண்டியின் காரிலிருந்து அவனும் இறங்கினான். லாரிக்காரர்களைப் பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தான். பக்கத்துச் சீட்டில் உட்காரும்படி அவளைக் கூப்பிட்டான். அண்ணன் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவள் உட்கார்ந்தாள்.

அவன் கை நீண்டது. குமிழ் அங்கே இருந்தது. இழுத்தான். இன்ஜின் ஒரு தடவை தும்மி, பிடித்துக்கொண்டது. வண்டி முழுவதும் மெல்ல நடுங்கியது. கதவு, தரை, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த பலகை எல்லாம். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் அவனையே பார்த்தாள். கன்னத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. அவளும் துடைக்கவில்லை. யாரும் எங்கும் போகவில்லை. பிறகு அவனே நிறுத்தினான்.

வண்டியை ஏற்றிக் கயிறு கட்டினார்கள். லாரி மதுரைப் பக்கம் திரும்பி, மெதுவாகப் போய், மறைந்தது. அவனுக்கு அது திரும்பியபோதே மறைந்திருக்கும். சத்தம் போகிற திசையிலேயே முகத்தை வைத்துக்கொண்டு நின்றான்.

உக்கிரபாண்டி கார்க் கதவைத் திறந்துவிட்டு, வா தம்பி என்றார்.

அவன் அசையவில்லை. "அண்ணே… எனக்கு அமுதவள்ளியப் பிடிச்சிருக்கு" என்றான்.

பெயரைச் சொன்னான். நடுரோட்டில், லாரியும் பஸ்ஸும் போய்க்கொண்டிருக்க, டீக்கடையில் நாலு பேர் பார்க்க, முழுப் பெயரையும் சொன்னான்.

உக்கிரபாண்டி கதவைப் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தில் கோபம் வருவதற்கு முன்னால் களைப்பு வந்தது. ஏறு, வீட்டில் போய்ப் பேசிக்கொள்வோம் என்றார். பேச ஒன்றுமில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்றான் தம்பி. நம் அம்மா உயிரோடு இருக்க வேண்டுமா இல்லையா என்று கேட்டார். அதற்கும் அவன் அசையவில்லை. உதடு மட்டும் நடுங்கியது.

"இப்ப ஏறலைன்னா பெறகு நம்ம வாசல்ல காலை வைக்காத" என்றார் உக்கிரபாண்டி. கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஷெட்டில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. இனி போலீஸ் ஸ்டேஷனோ, பஞ்சாயத்தோ, கல்லோ, எது முதலில் வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மா அறை வாசலில் வந்து நின்றுவிட்டு உள்ளே போனாள்.

"உங்ககிட்ட முதல்ல சொல்லியிருக்கணும்" என்றான் சௌந்தரபாண்டியன். "தனியாச் சொன்னா நீங்க வேணாம்னு சொல்லீருவீங்கன்னு பயம். எனக்குப் போக்கிடம் இல்லாமப் போச்சுங்கறதுக்காக நீங்க சரின்னு சொல்ல வேணாம். பாவம்னு சொல்ல வேணாம். இன்னும் ரெண்டு வருசத்துல நான்…"

"நிறுத்துங்க."

அவன் நிறுத்தினான். அவள் அவனுக்கு நேர் முன்னால், அவனுடைய குறுகிய வெளிச்சத்துக்குள் வந்து நின்றாள். பயமாக இருந்தது… இப்படி ஒரு பயம் அவளுக்கு வந்ததே இல்லை.

"எனக்கு ஒங்க மேல பாவம்லாம் வரல" என்றாள். "கோவந்தான் வருது. நடுரோட்டுல வச்சு எம் பேரச் சொன்னதுக்குக் கோவம். போன வருசமே, இன்னங் கொஞ்சம் கண்ணு தெரிஞ்சப்பவே வராமப் போனதுக்குக் கோவம். எனக்கு எல்லார் மேலயும் இப்படி வராது."

அவன் முகம் அவளைத் தேடியது. கண்டுபிடித்தது.

"பிடிச்சவுக மேலதான் வரும்" என்றாள் அமுதவள்ளி.